பசை அட்டைகளோடு ஓர் அறை

மார்ச் 3

வீட்டம்மாவுக்கு,

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். எலி ஒட்டும் பசை அட்டை ஒன்றுகூட இப்போது நம் கடையில் இல்லை. எல்லாப் பெட்டிகளையும் வண்டியில் ஏற்றியாகிவிட்டது. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ஓட்டுநரே அவற்றையும் இறக்குவார். உன் தங்கை வீட்டில் நீ படுக்கும் அறையில் அடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

கோபப்படாமல் மேலே படி. கையில் பையோடு கடை வாசலில் நின்று நீ போட்ட நிபந்தனைகள் எனக்கு மறக்கவில்லை. "இனிமே அதை விக்காதீங்க. வேற கடைக்காரங்க தலையிலயும் கட்டாதீங்க. குப்பையிலயும் கொட்டாதீங்க, காக்காயும் பூனையும் போய் ஒட்டிக்கும்." வேலையாட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ரோஷம் வந்தது. "சரி, மூணையும் செய்யல, போதுமா?" என்றேன். வாக்கை நம்பி வளர்ந்த கடை இது. சொன்ன சொல்லை விழுங்க மாட்டேன். கம்பெனிக்காரனோ திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறான். விற்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது, எறியவும் கூடாது என்றால் அந்தச் சரக்கு எங்கே இருப்பது? நிபந்தனை போட்டவரிடம்தானே இருக்க வேண்டும்?

ஒரு சுண்டெலிக்காக இவ்வளவு. நம் அடுப்புக்குப் பின்னால், நம் அட்டையில், நம் வீட்டு எலி. அதைத் தூக்கிப் போடாமல் தரையில் உட்கார்ந்து கரண்டியால் சமையல் எண்ணெய் விட்டு விட்டுப் பிரித்தெடுத்தாய். பாதி ரோமம் அட்டையிலேயே நின்றுவிட்டது. மறுநாள் காலை நீ கிளம்பிவிட்டாய்.

நீ இதுவரை சொன்ன எதற்காவது நான் மறுத்திருக்கிறேனா? பை கொடுக்காதீர்கள் என்றாய், நிறுத்தினேன். பிளாஸ்டிக் பல்துலக்கியை எடுத்துவிட்டு மூங்கிலில் வைக்கச் சொன்னாய், வைத்தேன். சோப்புத் தண்ணீரை வாளியிலிருந்து ஊற்றிக் கொடுக்கலாம், ஆட்கள் பழைய புட்டியைக் கொண்டுவரட்டும் என்றாய், அதையும் செய்தேன். வெளிப்படையாகச் சொல்கிறேன், அதெல்லாம் கைக்காசு போகாத புண்ணியம். சிலவற்றில் லாபம்கூட வந்தது. பசை அட்டை அப்படி இல்லை. நாம் குடியிருக்கும் மாடி எழும்பியதே அந்தப் பசையில்தான்.

உன் போன் நீ வைத்துவிட்டுப் போன இடத்திலேயே, கல்லா மேல் கிடக்கிறது. உன் தங்கையின் போனில் பேசினால் சகலையும் சேர்ந்து கேட்பார். பதில் எழுதி இந்த ஓட்டுநரிடமே கொடு. சரக்கு இறக்க அந்தப் பக்கம் அடிக்கடி வருகிறவர்தான்.

சரக்கைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

மார்ச் 6

கடை முதலாளி அவர்களுக்கு,

சரக்கு வந்து சேர்ந்தது. ரசீதில் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன்.

அறையைச் சொல்கிறேன், கேளுங்கள். ஒரே ஒரு ஜன்னல். பெட்டிகள் அதன் முக்கால் உயரத்துக்கு நிற்கின்றன. மேலே மிச்சமிருக்கும் சந்தில்தான் வெளிச்சம் வருகிறது. கட்டிலைச் சுவரோடு தள்ளிவிட்டார்கள். கதவு பாதிதான் திறக்கிறது, பக்கவாட்டில் நுழைய வேண்டும். புதுச் செருப்புக் கடைக்குள் படுத்திருப்பது போல ஒரு வாசனை.

தங்கை வாசலில் நின்று கேட்டாள்: "அக்கா, நீ சண்டை போட்டுக்கிட்டு வந்தியா, கிளை திறக்க வந்தியா?"

அவள் கணவர் சிரிக்கவில்லை. மின்தூக்கி பழுது பார்க்கிறவர் அல்லவா, எதையும் முதலில் சுற்றிப் பார்ப்பார். பெட்டியின் மேலிருந்த படத்தைப் படித்தார். "அக்கா, இந்தக் குடியிருப்புல வீட்டுக்கு ரெண்டு குடுத்தாக்கூட ஒரே வாரத்துல காலியாயிடும். சும்மாத்தானே கிடக்கு?" என்றார். கூடாது என்றேன். "சரி சரி" என்றார். அவர் சரி சரி என்றால் இன்னும் யோசிக்கிறார் என்று அர்த்தமாம், தங்கை சொல்கிறாள்.

இந்த அறைக்கு வெளியில் பூட்டு இல்லை. உள்தாழ்ப்பாள் மட்டும்தான். அதனால் சரக்கைக் காக்க வேண்டுமென்றால் நான் உள்ளேயே இருக்க வேண்டும். குளிக்கப் போனாலும் காது இங்கேயே இருக்கிறது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். எனக்கு வளை கிடைத்தது, வாசலை அடைக்கச் சரக்கும் கிடைத்தது.

நான் வீட்டுக்கு வந்தால் பெட்டிகளும் கூடவே வரும். வராவிட்டால் இவற்றோடு கிடக்க வேண்டும். நல்ல கணக்கு. வேலையாட்கள் முன்னால் ஜெயித்துவிட்டீர்கள்.

ஒன்றை உங்களிடம் சொல்லவில்லை. அந்தச் சுண்டெலியின் நாலாவது காலையும் அட்டையிலிருந்து பிரித்தபோது அது ஓடவில்லை. அதன் வால் என் விரலைச் சுற்றிக்கொண்டது, பிடிமானத்துக்கு. சொன்னால் சிரிப்பீர்கள் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 11

வீட்டம்மாவுக்கு,

நான் சிரிக்கவில்லை. இங்கே சிரிக்கிறவர்கள் வேறு ஆட்கள்.

எதிர்க்கடைக்காரர் பசை அட்டைகளைக் கயிற்றில் கோத்து வாசலில் தோரணம் மாதிரி தொங்கவிட்டிருக்கிறார். காலையில் கதவைத் தூக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறார். "என்ன முதலாளி, எலிக்கெல்லாம் பொதுமன்னிப்புக் குடுத்துட்டீங்களாம்? கொசுவுக்கு எப்போ?" நம் ஆட்களே முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறார்கள்.

அதைப் பொறுத்துக்கொள்வேன். முந்தாநாள் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. வெளுப்புக்கடையில் இஸ்திரி போடும் பெண் தெரியுமல்லவா, கைக்குழந்தைக்காரி? வந்து பேசாமல் ஒரு பால்புட்டி ரப்பரைக் கல்லா மேல் வைத்தாள். நுனியே இல்லை. எலி கடித்திருக்கிறது.

"அட்டை குடுங்க."

"இல்லம்மா, நிறுத்திட்டோம்."

"ஏன்?"

கூண்டுப் பொறி இருக்கிறது, உயிரோடு பிடித்து வெளியே விடலாம் என்று எடுத்துக் காட்டினேன். என்னையும் கூண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "எலிக்குப் பாவம் பாக்குறீங்க. எம் பிள்ளைக்கு யாரு பாக்குறது?" என்று கேட்டுவிட்டு, நேராகச் சாலையைக் கடந்து எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டு போனாள்.

இப்போது நீ சொல். அட்டை விற்கத்தான் விற்றது. நான் விற்கவில்லை, அவ்வளவுதான். இதில் எந்த எலி பிழைத்தது? எந்தப் பிள்ளை பிழைத்தது?

என் நிலைமையையும் பார். திரும்ப அட்டையை மாட்டினால் சொல் மாறியவன். மாட்டாவிட்டால் வாடிக்கையை எதிர்க்கடைக்கு அனுப்பிவைக்கும் முட்டாள். ஆப்பைப் பிடுங்கிய குரங்கு மாதிரி வால் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆப்பை அடித்தது நீ. 'விற்கலாம்' என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடு. அடுத்த நிமிடம் வண்டி வரும், உன் ஜன்னலும் திறக்கும்.

மார்ச் 15

கடைக்காரருக்கு,

அந்த வார்த்தையை எழுத முடியவில்லை. ஆனால் நுனியில்லாத அந்த ரப்பரும் கண்ணை விட்டுப் போகவில்லை. உங்கள் கடிதத்தை மடித்து வைக்கிறேன், திரும்ப எடுத்துப் படிக்கிறேன். நான் நல்லது என்று நினைத்துச் சொன்னது அந்தக் குழந்தையின் வாய்க்கு வினையாகிவிட்டதே என்று இருக்கிறது.

படுத்தபடி பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. அந்தப் பெண்ணிடம், எலி எந்த வழியாக வருகிறது என்று கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். நானும் காலையில் கல்லாவில் உட்கார்ந்த காலமெல்லாம் ஒருவரிடமும் கேட்டதில்லை. கேட்டால் வியாபாரம் ஒரே தடவையோடு முடிந்துவிடும். ஒரு எலி ஒட்டும், அடுத்தது வரும், அடுத்த அட்டைக்கு ஆள் வரும். மாடி அப்படித்தான் எழும்பியது.

அந்தப் பெண் வீட்டுக்குப் போங்கள். நீங்களே போங்கள், ஆளை அனுப்பாதீர்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பிநார் நம் கடையிலேயே இருக்கிறது. அதை எலி கடிக்காது. சிமென்ட்டும் இருக்கிறது. ஓட்டையைத் தேடுங்கள்.

இங்கே நிலைமை சரியில்லை. நேற்று நான் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் சகலை ஒரு பெட்டியைப் பிரித்து ஓர் அட்டையை எடுத்து அடுப்படியில் விரித்துவிட்டார். நான் அதை மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். வந்ததும் என் கையிலேயே ஒட்டிக்கொண்டது. எண்ணெய் கேட்டு நானே அடுப்படிக்குப் போக வேண்டியிருந்தது. "அக்கா, அட்டையில ஒண்ணு பிடிபட்டுடுச்சு" என்றார்.

இன்னொன்று. கட்டில் தலைமாட்டில் இருக்கும் அடிப்பெட்டிக்குள் ஏதோ பிறாண்டுகிறது. தங்கை கேட்டாள். பெட்டி காற்றில் ஆடுகிறது என்றேன். இந்த அறையில் காற்று எங்கே இருக்கிறது?

மார்ச் 20

உனக்கு,

போனேன். ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குள் நான் நுழைந்தது இதுதான் முதல் தடவை.

வெளுப்புக்கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. அந்தப் பெண் இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள். "என்ன, கூண்டு விக்க வீட்டுக்கே வந்துட்டீங்களா?" என்றாள். ஓட்டையைப் பார்க்க வந்தேன் என்றதும் இன்னும் சந்தேகமாகப் பார்த்தாள்.

எதிர்க்கடை அட்டை மூலையில் விரித்துக் கிடந்தது. அதில் எலி இல்லை. குழந்தையின் காலுறை ஒட்டியிருந்தது. தவழ்கிற பிள்ளை, நல்லவேளை கால் உருவிக்கொண்டதாம். அந்த அட்டையை நானும் எத்தனை தவழும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குக் கொடுத்திருப்பேன்!

பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் ஓட்டை. என் பெருவிரல் அளவுதான். கம்பிநாரைத் திணித்து, மேலே சிமென்ட்டைப் பூசி, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். ராஜா மாதிரி இருந்தது. அப்போது அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு சுண்டெலி ஓடி வந்தது. நேரே ஓட்டைக்குப் போனது, ஈரச் சிமென்ட்டில் முட்டியது, திரும்பியது, மறுபடி முட்டியது.

அந்தப் பெண் சொன்னாள்: "நல்லா அடைச்சீங்க. ஆளை உள்ள வச்சு."

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவன் கதை கேட்டிருக்கிறேன். எலியை வீட்டுக்குள் வைத்துப் பூசினவன் நான் ஒருவன்தான். பூசியதை எல்லாம் விரலால் தோண்டி எடுத்தேன். ஓட்டைக்கு முன்னால் மாவைத் தூவினோம். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். நான் அசையக் கூடாது, அசைந்தால் எலி வராது. குழந்தை என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுக்கிறது. கடையில் ஆட்கள் என்ன செய்கிறார்களோ தெரியாது. எழுந்து போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. அந்த எலிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன். நீ சிரிக்கலாம்.

வெளிச்சம் குறைவதற்குள் மாவில் தடம் விழுந்தது. வெளியே போகும் தடம் மட்டும்தான், உள்ளே வருவது இல்லை. உடனே அடைத்தேன்.

விலை கேட்டாள். ஒரு சுருள் கம்பிநாருக்கும் ஒரு கைப்பிடி சிமென்ட்டுக்கும் என்ன விலை சொல்வது? சொன்னேன். "அவ்வளவுதானா? அட்டைக்கே இதைவிடக் கூடக் குடுத்தேனே!" என்றாள். அன்றிலிருந்து இன்றுவரை எலி வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி நேற்றுக் கடைக்கு வந்து, எங்க வீட்டுக்கும் வருவீங்களா என்று கேட்கிறாள்.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பசையில் வந்த லாபம் இதில் வராது. பாதிகூட வராது.

மார்ச் 24

உங்களுக்கு,

மாவு தூவினதைப் படித்தபோது சிரித்தேன். சிரிக்கும் சத்தம் கேட்டு உள்ளே பிறாண்டல் நின்றது.

பெட்டியைப் பார்த்துவிட்டேன். அடிப்பெட்டியின் மூலையில் கடித்துப் போட்ட ஓட்டை இருக்கிறது. மேல்மடிப்பை மெல்லத் தூக்கினேன். அட்டைகளுக்கு நடுவில் காகிதத் துருவலால் ஒரு மெத்தை, அதில் குட்டிகள். கண் திறக்கவில்லை, ரோமம் இல்லை. ஒவ்வொன்றும் உரித்த வேர்க்கடலை அளவு. தாய் ஓடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு குட்டிகள் மேலே படுத்துக்கொண்டாள். எலி பிடிக்கும் அட்டைப் பெட்டிதான் இந்த வீட்டிலேயே எலிக்குப் பத்திரமான இடமாக இருந்திருக்கிறது.

ஆனால் பத்திரம் இல்லை. அவள் மெத்தைக்காகக் கடித்துத் துருவுவது பசையின் மேல் மூடியிருக்கும் காகிதத்தைத்தான். இன்னும் கொஞ்சம் கடித்தால் அடியில் பசை. தாயும் குட்டிகளும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். கையை விட்டு அட்டையை உருவலாம் என்றால் அவள் குட்டிகளை விட்டு ஓடிவிடுவாளோ என்று பயம். அதனால் வேறு காகிதம் போட நினைத்தேன். கையில் இருந்தது உங்கள் முதல் கடிதம்தான். மெல்லிய கீற்றுகளாகக் கிழித்து ஓட்டை ஓரம் வைத்தேன். எடுத்துக்கொண்டாள். இரண்டாவதையும் எடுத்துக்கொண்டாள். மாவு தூவிய கடிதத்தைக் கொடுக்கவில்லை, அதை வைத்திருக்கிறேன்.

இதைவிடப் பெரிய சிக்கல் வெளியே. வரும் ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளை மொத்தமாக எடுக்க உங்கள் சகலை ஓர் ஆளை வரச் சொல்லிவிட்டார். "அக்கா, நீங்க எத்தனை நாள் வேணா இருங்க, நீங்க எங்க வீட்டு மனுஷி. சரக்கு எங்க வீட்டு மனுஷன் இல்ல. இருக்கணும்னா அதுக்கு வாடகை வேணும்" என்கிறார். தப்பாகவும் தெரியவில்லை, அவர் அறைதானே. என் பேச்சு இந்த வீட்டில் செல்லாது. உங்கள் பேச்சு செல்லும்.

மார்ச் 27

உனக்கு,

சனிக்கிழமையே வருகிறேன். வண்டி பேசியாகிவிட்டது.

தச்சுக்கடையில் மரத்தூள் மூட்டைகள் சும்மா கிடக்கின்றன, கேட்டுவிட்டேன். ஓர் அட்டையில் செய்து பார்த்தேன். மூடியிருக்கும் காகிதத்தை உரித்து மரத்தூளில் அழுத்தினால் பசை செத்துவிடுகிறது. விரலை வைத்தால் ஒட்டவில்லை. காக்காய் உட்கார்ந்தாலும் ஒட்டாது. அப்புறம் அது குப்பைதான், குப்பைக்குத்தான் போகும். அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை, உனக்குத் தெரிந்தால் சொல். ஒவ்வொன்றாகத்தான் உரிக்க வேண்டும். பெட்டிகளை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. நட்டம் என்னுடையது.

அந்த ஒரு பெட்டியை மட்டும் கட்டடத்துக்கு வெளியே சுவரோரம் வைத்துவிடுவோம். அதுகள் பாட்டுக்குப் போகட்டும். நீ என்னோடு வண்டியில் ஏறிவிடு.

மார்ச் 28

உங்களுக்கு,

வெளியே சுவரோரம் பூனைகள் இருக்கின்றன. வைத்தால் அன்றைக்கே முடிந்துவிடும். அது நீங்கள் கொல்லவில்லை, நான் கொல்லவில்லை என்று சொல்லிக்கொள்வதற்கு மட்டும் உதவும். எதிர்க்கடை விற்ற அட்டை மாதிரிதான்.

அந்தப் பெட்டி அசையக் கூடாது. குட்டிகள் தாமாக வெளியே போகும்வரை நான் இங்கேயே இருக்கிறேன். அது வரைக்கும் இந்த அறைதான். மற்றப் பெட்டிகள் போனால் ஜன்னலாவது கிடைக்கும். தாயும் குட்டிகளும் போனபின் இந்த அறையின் ஓட்டையையும் நீங்கள்தான் வந்து அடைக்க வேண்டும். ஆளை உள்ளே வைக்காமல்.

இன்னொன்றும் கேட்கிறேன். பெட்டி காற்றில் ஆடுகிறது என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, அவள் போடும் சோற்றைத் தின்ன முடியவில்லை. அவள் வீடு, அவள் அடுப்படி. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டே அந்தப் பெட்டியின் வாடகைக்குப் பேரம் பேசுங்கள். பேரம் உங்கள் தொழில். உண்மையோடு செய்து பாருங்கள்.

ஏப்ரல் 2

உனக்கு,

சனிக்கிழமை நாம் இரண்டு பேரும் பேசவே இல்லை. சுற்றிலும் ஆட்கள். நீ பெட்டிகளை எடுத்துக் கொடுத்தாய், நான் வாங்கி வாங்கி இறக்கினேன். ஜன்னல் முழுசாகத் தெரிந்ததும் நீ கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாய். அதைப் பார்த்தேன். கூப்பிட நினைத்தேன், கூப்பிடவில்லை.

உன் தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது தெரியும். சகலையிடம் மாடிப்படியில் என்ன பேசினேன் என்று உனக்குத் தெரியாது. சொல்கிறேன். முதலில், ஒரு பெட்டி மட்டும் மூலையில் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றேன். "எவ்வளவு தருவீங்க?" என்றார். பேசி ஒரு இடத்தில் நின்றோம். கை குலுக்கப் போகும்போது உன் கடிதம் ஞாபகம் வந்தது. "மாப்பிள்ளை, உள்ள குடித்தனம் இருக்கு" என்றேன்.

"என்ன குடித்தனம்?"

"தாயும் பிள்ளைங்களும்."

அப்படியே படியில் உட்கார்ந்தார். "மின்தூக்கில மாட்டினவங்களை வெளிய எடுக்கிறதுதான் என் வேலை. நீங்க காசு குடுத்து உள்ள வைக்கச் சொல்றீங்க" என்றார். அப்புறம் சிரித்தார். சிரித்துக்கொண்டே விலையை ஏற்றினார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் ஏற்றியிருப்பேன்.

இங்கே பெட்டிகள் நம் மாடிக் கூடத்தில் நிற்கின்றன. கடை அடைத்தபின் தினம் கொஞ்சம் உரித்து மரத்தூளில் அழுத்துகிறேன். விரல் இடுக்கெல்லாம் பசை, கல்லாவில் கை வைத்தால் ரசீதுகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. எதிர்க்கடைக்காரர் இன்னும் தோரணம் கட்டுகிறார், இன்னும் விற்கிறார். அதை என்னால் நிறுத்த முடியாது.

முடிவானதை எழுதிவிடுகிறேன், பின்னால் பேச்சு மாறக் கூடாது. பசை அட்டை இனி நம் கடையில் கிடையாது. அந்தத் தட்டில் கம்பிநாரும், மூடி இறுகும் டப்பாக்களும், கதவடி ரப்பரும் இருக்கும். எலி என்று வருகிறவரிடம் முதலில் ஓட்டை எங்கே என்று கேட்பேன். ஓட்டையைத் தேடிக் காட்டக் கூலி இல்லை, அடைக்கும் பொருளுக்கு மட்டும் விலை. உனக்காகச் சரக்கில் பாதி மிச்சம் வைக்கிறேன், வந்து நீயும் உட்கார்ந்து உரிக்க வேண்டும். குட்டிகள் போனதும் நீ வருகிறாய், அதற்கு முன்னால் கூப்பிட மாட்டேன்.

சகலையோடு முடிந்தது இது: மூலை ஒன்று, பெட்டி ஒன்று, தாய் ஒன்று, குட்டிகள் எத்தனை இருந்தாலும் சரி. அவர்கள் காலி செய்யும்வரை அந்த வீட்டு மின்கட்டணம் முழுவதும் என்னுடையது. பாதிக் கட்டணத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னதற்கு மறு பாதி.